ஒரு கதிரை, இரண்டு ராணிகள்

மல்கிரேவ் அலுவலகத்து மனேஜர் பதவிக்கு வரதராஜாவோடு நிரூபாவும் கேத்ரினும் விண்ணப்பித்திருந்தார்கள். பெண்கள் இருவரும் தங்களுக்குள் அடிபட்டால் மனேஜர் கதிரையில் உட்காரப்போவது தான்தான் என்று வரதராஜா நம்பியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் மெல்லத் தொடங்கினார்.

“நிரூபா, சீன நாடகம் பாக்கிறனீரோ? ஒரு ராணி மற்ற ராணிக்குத் தேத்தண்ணியில நஞ்சு கலக்கிறாள். பக்கத்தில இருக்கிற கேத்ரினிட்டக் கவனம்!”

“ஓம் அண்ணை, கவனமாத்தான் இருக்கிறன்.”

மலேசியாக்காரி கேத்ரின் சிரித்தாள். “அது டிராமா லா, அண்ணே. நெசத்துல, சீனாவோட சிங் வம்சத்துல ராஜா சின்னப் பையனா இருந்தப்ப, ரெண்டு ராணிங்க ஒரே திரைக்குப் பின்னால உக்காந்து சேர்ந்தே ஆண்டாங்க. நஞ்சு வெச்சதுக்குச் சாட்சியே கிடையாது.”

“அதெல்லாம் புத்தகத்தில, பிள்ளை. இஞ்ச கதிரை ஒண்டு!”

வெள்ளிக்கிழமை மேலதிகாரி எல்லோரையும் கூட்டி முடிவைச் சொன்னார். பதவி நிரூபாவுக்கு. வரதராஜா ஆவலோடு கேத்ரினின் முகத்தைப் பார்த்தார். அவளோ எழுந்து நின்று கைதட்டினாள். அடுத்ததாக மேலதிகாரி அவள் பெயரையும் வாசித்தார்.

“ரெண்டு பேரும் ஒரே விண்ணப்பம்தான் போட்டனாங்கள், அண்ணை,” என்றாள் நிரூபா. “எங்கட பிள்ளையள் சின்னன். முழு வாரமும் தனியச் செய்யேலாது. அதுதான் ஒரு வேலையைப் பங்கு போட்டுக் கேட்டம். தந்திட்டினம்!”

வரதராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப எனக்கு மனேஜர் ஆர்?”

“திங்கள், செவ்வாய் நான். வியாழன், வெள்ளி கேத்ரின்.”

“புதன்?”

“ரெண்டு பேரும்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.