துணைக்கு வந்தவர்

"கூட யாரு வந்திருக்கா?"

"அண்ணன். வந்துட்டே இருக்கார்."

"போன தடவையும் வந்துட்டேதான் இருந்தார்" என்றாள் நர்ஸ், மருந்துப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி. "கடைசி வரைக்கும் வந்து சேரலை. உங்களைத் திருப்பி அனுப்பினேன். டாக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது யாரு? நான்."

மருந்து ஏற்றிக்கொள்ள வந்திருந்தவள் ஒரு பஸ் கண்டக்டர். தலையில் கட்டியிருந்த துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவள், இப்போது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த ஒரு தடவை விடுங்க சிஸ்டர். முடிஞ்சதும் நானே ஆட்டோ பிடிச்சுப் போயிடுவேன்."

"டிக்கெட் இல்லாத ஆளை நீங்க பஸ்ல ஏத்துவீங்களா கண்டக்டரம்மா? இங்க துணைதான் டிக்கெட். தனியாப் போயிடுவேன்னு போன ஒருத்தர் வாசப்படியில மயங்கி விழுந்தார். அதுக்கப்புறம் யாருக்கும் விடறதில்லை."

ஆள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் புற்றுநோய் வரும் என்று நினைத்து யாரோ போட்ட விதி. அதை நர்ஸிடம் சொல்லி என்ன பயன்?

"இன்னிக்கும் ஏத்தலைன்னா?"

நர்ஸின் குரல் இறங்கியது. "கட்டி உங்க அண்ணனுக்காகக் காத்திருக்காதும்மா. ஒரு தடவை விட்டதே தப்பு. இன்னிக்கும் விட்டா, இதுவரைக்கும் நீங்க பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும். போன் பண்ணுங்க."

பண்ணினாள். ஒரு ரிங் போனது. கட் ஆனது.

"வாசல்ல இருக்காரான்னு பாத்துட்டு வர்றேன்" என்று வெளியே போனாள்.

நர்ஸ் அந்த நாற்காலியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. முன்னால் கண்டக்டர். பின்னால் ஒல்லியாக, உயரமாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். வெயில் கொளுத்தும் நாளில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். மூச்சு வாங்கியது.

"இவர்தான்" என்றாள் கண்டக்டர்.

"அப்பாடா, தரிசனம் கிடைச்சுது" என்றாள் நர்ஸ். "ஏன் சார் இப்படி இளைக்குது?"

"ஓடி வந்தேன்."

"இன்னிக்கு ஓடி வந்தீங்க. போன தடவை தங்கச்சி இங்க உட்கார்ந்து வாசலையே பாத்துட்டு இருந்தாங்களே, அன்னிக்கு எங்க போனீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் சிஸ்டர். திட்டுங்க."

திட்டு வாங்கத் தயாராக வந்தவரைத் திட்டுவதில் சுவாரஸ்யம் இல்லை. நர்ஸ் ஊசியை எடுத்தாள். "இவங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

அவர் கண்டக்டரைப் பார்த்தார்.

"வலி மாத்திரை ஒண்ணு ஒத்துக்காது. போட்டா உடம்பெல்லாம் தடிப்பு வந்துடும். ஃபைல்ல எழுதியிருக்கு" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுதான்னுதான் கேட்டேன்" என்றாள் நர்ஸ். "நல்ல அண்ணன்."

"இவ வாயைத் திறந்து சொன்னாதானே சிஸ்டர்? சின்ன வயசுல இருந்தே இப்படித்தான். காய்ச்சலை மறைச்சுக்கிட்டு பள்ளிக்கூடம் போவா."

"கேட்டாதானே சொல்றதுக்கு?" என்றாள் கண்டக்டர். "யாரு கேட்டீங்க? முடி கொட்டினப்ப கேட்டீங்களா? வாந்தி எடுத்துட்டுத் தரையில கிடந்தப்ப கேட்டீங்களா?"

குரல் உடைந்தது. ஊசி ஏறிய கையை வெடுக்கென்று இழுத்தாள். நர்ஸ் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு காலடியில் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து, அவள் பாதம் மூடும்படி விரித்தார். "இப்பக் கேக்கறேன். குளிருதா?"

அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"குளிருது."

பக்கத்து நாற்காலியில் மருந்து ஏறிக்கொண்டிருந்த பெரியம்மா நர்ஸிடம் சொன்னாள்: "சண்டை போட்டாலும் கூடப்பிறந்தது கூடப்பிறந்ததுதான். என் பசங்க வாசல்ல இறக்கிவிட்டுட்டு, முடிஞ்சா மிஸ்டு கால் குடுன்னு போயிடறாங்க."

சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கியது. அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. வாய் கசக்கிறது என்றதும் தண்ணீர் கொடுத்தார். குமட்டியபோது கிண்ணத்தை ஏந்தினார். எங்கே பார்ப்பது என்று தெரியாதபோது மருந்துப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சொட்டும் இறங்கியதும் நர்ஸ் ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து ஒட்டினாள். "அடுத்த தடவையும் வந்துடுங்க சார். ஆள் பக்கத்துல இருந்தா இவங்க முகமே வேற மாதிரி இருக்கு." பெரியம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துப்போனாள்.

அறையில் இருவர் மட்டும்.

கண்டக்டரின் மடியில் போன் அதிர்ந்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது. அவள் ஒரு ரிங் விட்டு, கட் செய்தாள்.

ஸ்டூலில் இருந்தவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார். அங்கேயும் பஞ்சு, பிளாஸ்திரி, சுற்றிலும் கன்றிப்போன ஊசித் தடங்கள்.

"மத்தியானம் மாடியில எனக்கு ரத்தம் ஏத்தறப்ப, கூட வந்த தங்கச்சி பேரு என்னன்னு கேப்பாங்க" என்றார். "வாசல்ல அவசரத்துல கேக்க மறந்துட்டேன். உங்க பேரு என்னம்மா?"