இருபத்தொன்பது புள்ளி நாலு

"கடல் காத்து," என்றார் மேலதிகாரி அனந்தராமன். "பட்டினப்பாக்கத்துக்கு அது போதும்."

சொல்லிவிட்டு, திரையிலிருந்த பட்டியலில் முந்நூறு வீடுகளை ஒரே தட்டில் அழித்தார்.

தாரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மே மாதம், கத்திரி வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அவள் அளவெடுக்கத் தேர்ந்த வீட்டுக்குள் இருபத்தொன்பது புள்ளி நாலு டிகிரியாம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

உலகம் முழுக்க நாற்பது நகரங்களில் நடக்கிற ஆராய்ச்சி அது. ஏழை வீடுகளுக்குள் எவ்வளவு சூடு, அதனால் எத்தனை நாள் கூலி போகிறது என்று பார்க்கிறார்கள். சென்னையில் பகுதிக்கு ஒரு வீட்டில் வெப்பத்தை அளக்கும் ஒரு பெட்டி. சூடு அதிகம் காட்டும் பகுதிக்கு, வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு எல்லாக் கூரைக்கும் இலவசம். பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்குப் போய்விடும்.

"சார், அந்த வீட்டுக்குள்ள நான் போயிருக்கேன். அஞ்சு நிமிஷம் நிக்க முடியாது."

"நீ நின்னதை டேட்டான்னு அனுப்ப முடியுமா?"

என்ன வாய் பாருங்கள் இந்த மனுஷனுக்கு! பத்து வருஷமாக உலக வரைபடத்துக்குச் சிவப்பும் நீலமும் தீட்டுகிறார். நந்தனத்து ஆபீசிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு வாசலை மிதித்ததில்லை.

பெட்டி பழுதாகியிருக்கும். வேறென்ன? பழுது என்று போட்டோவோடு காட்டினால், பக்கத்துப் பகுதியின் அளவை எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. தாரணி ஆட்டோவில் ஏறினாள். சிக்னலில் நின்றதற்கெல்லாம் டிரைவர் மேல் எரிந்து விழுந்தாள், பாவம்.

பெட்டி ஷீலாவின் வீட்டில் இருந்தது. ஷீலா மீன் விற்கிறவள். அவள் புருஷன் லாரன்ஸ் படகில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் இரண்டு வருஷம் ஆகிறது. பகல் முழுக்க ஒருவர் உள்ளேயே கிடக்கும் வீடு என்பதால்தான் முந்நூறில் இந்த வீட்டைத் தாரணி தேர்ந்தெடுத்தாள்.

குனிந்து உள்ளே நுழைந்ததும் சூடு முகத்தில் அறைந்தது.

லாரன்ஸ் பாயில் கிடந்தார். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. கழுத்தெல்லாம் வேர்க்குரு, சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது.

வீட்டில் ஒரே ஒரு டேபிள் ஃபேன். அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அவர் பக்கம் இல்லை.

மூலையில் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் பெட்டி, பெட்டியைச் சுற்றி ஈரத்துணி, அதற்கு நேர் எதிரே ஃபேன்.

ஷீலா சொம்பிலிருந்து தண்ணீரை எடுத்துத் துணிமேல் தெளித்தாள். முகமெல்லாம் பெருமை.

"நீ வெச்சிட்டுப் போம்போது இன்னா சொன்ன? காஸ்ட்லி பொருளு, சூடு ஏறாம பத்திரமா பாத்துக்கோங்கன்னியே. ஏழு வாரமாச்சு, ஒரு நாளு ஏற வுட்டேனா, நீயே கேளு அந்தப் பொட்டிய!"

தாரணி சொல்லியிருந்தாள்தான். கையெழுத்து வாங்கும் அவசரத்தில், அடுப்புப் பக்கம் வைத்துவிடப் போகிறார்களே என்று போகிறபோக்கில் சொன்னது.

அனந்தராமனுக்காக வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு மொத்தமும் இப்போது அவள் மேலேயே விழுந்தது. படித்த படிப்பென்ன, வாயென்ன, மூளை எங்கே போச்சுடி உனக்கு? பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. வீட்டுக்காரர் கைவைத்த பெட்டி என்று தெரிந்தால் அந்தப் பகுதியையே நீக்கிவிடுவார்கள், அதுவும் விதிதான். ஏழு வாரமாக இந்த மனிதர் வெந்ததற்கு எந்த வரைபடத்திலும் இடமில்லை.

மணி நாலு இருபது.

தாரணி விடுவிடுவென்று போய் ஃபேனை லாரன்ஸ் பக்கம் திருப்பினாள். ஈரத்துணியை உருவி எறிந்தாள்.

காற்று பட்டதும் லாரன்ஸின் கண்கள் தாமாக மூடின. ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான்.

"இன்னாம்மா பண்ற நீ!" ஷீலா பாய்ந்து வந்து ஃபேனைப் பழையபடி பெட்டிப் பக்கம் திருப்பினாள். "லிஸ்ட்டு போற அன்னிக்குத்தான் பொட்டியக் கெடுப்பியா? முந்நூறு வூடு என்னிய நம்பிக்கினு கீது!"

பாயில் கிடந்த லாரன்ஸும் கண்ணைத் திறந்து தாரணியைத்தான் முறைத்தார்.