கோபித்துக்கொண்ட இருக்கை

“வழி கூடச் சரியா சொல்லத் தெரியாதா உனக்கு? இறங்கி நடந்து வா!”

கணவன் கத்தி முடிப்பதற்குள் அவன் இருக்கை அடுப்பாய்ச் சுட்டது. அந்தப் புதுக் காரில் இருக்கையின் சூட்டைக்கூடக் கைப்பேசியிலேயே கூட்டலாம், குறைக்கலாம்.

“நீதானே சூடு வைக்கிற? கொடு போனை!”

கலங்கிய கண்களோடு மனைவி கொடுத்தாள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி திட்டினான். இருக்கை மறுபடி சுட்டது.

“ஐயோ அம்மா! வண்டிக்குப் பேய் பிடிச்சிருக்கு!”

“பேயுமில்ல, பிசாசுமில்ல,” என்றாள் பின்னால் கண்மூடி வேண்டிக்கொண்டிருந்த அவன் அம்மா. “பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேளுடா.”

“தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடு,” என்று மனைவியிடம் கெஞ்சினான்.

சூடு அடங்கியது.

மருமகள் வியந்துபோய்த் திரும்பினாள். மாமியார் தன் போனை முந்தானைக்குள் செருகியபடி அவள் காதோரம் சொன்னாள்:

“இந்தச் சின்ன வேலைக்கெல்லாம் கடவுளைத் தொந்தரவு பண்ணலாமா?”