ஐந்து பேர் ஏறிய படகு

“இதுவும் சரிவராது” என்று தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தார் இராமசாமி.

பிரேமலதாவுக்கு எரிச்சல் மண்டியது. கற்பிட்டிக் கரையில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. பலாங்கொடையிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி முதல் நாள் இருட்டும் நேரத்தில்தான் வந்து சேர்ந்திருந்தார்கள்.

சண்டை ஓய்ந்து கடலுக்கு வழி திறந்த வருஷம் அது. பாய்மரப் படகு ஒன்றை ஆளோடு பேசி, ரெண்டு நாள் தீவு தீவாகச் சுற்றி வருவதென்று ஏற்பாடு. பிரேமலதா, அவள் கணவர் இராமசாமி, தங்கை ஷாமிளா, அவள் புருஷன், அவர்களுடைய மகள்கள் ரெண்டு பேர். மொத்தம் ஆறு பேர்.

யோசனையே இராமசாமியுடையதுதான். தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் இருபத்தாறு வருஷம் டீமேக்கர். தீவுப் படம் ஒன்றைப் பத்திரிகையிலிருந்து வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த மனிதர். இப்போது கடலை நேரில் பார்த்ததும் என்ன வந்ததோ.

“அந்த வெள்ளைப் படகுக்கு என்னங்க குறை? மேல கூரைகூட இருந்துச்சே.”

“குறைன்னு இல்ல. வேணாம்.”

“இதுக்கு?”

அவர் அடுத்த படகைத் தேடிக் கண்ணை ஓட்டினார். ஒவ்வொரு படகிலும் இதே கதைதான். படகுக்காரனைத் தள்ளிக் கூட்டிப்போய்க் காதோடு ஏதோ கேட்பார். குனிந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவார்.

“அண்ணே, இது என்ன தேயிலையா, மோந்து பார்த்துத் தரம் பிரிக்க?” என்றான் ஷாமிளாவின் புருஷன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

இராமசாமியும் லேசாகச் சிரித்துவிட்டு, கரை ஓரமாக நடந்து போனார். கடைசியில் ஒட்டுப்போட்ட பாயோடு பழைய படகு ஒன்று நின்றது. பயாஸ் என்பவனுடையது. அவனும் தம்பியும்தான் ஓட்டுவார்கள். அவனோடுதான் அவர் ரொம்ப நேரம் பேசினார்.

திரும்பி வந்து, “இதுல போங்க. நல்ல ஆளு” என்றார்.

“போங்கன்னா? நீங்க?”

“எனக்குத் தலை சுத்துற மாதிரி இருக்கு லதா. நான் ரூம்லயே இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க.”

பிரேமலதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பயம். அதை மறைக்கத்தான் இத்தனை நேரம் படகுகளுக்குக் குறை சொல்லியிருக்கிறார். தங்கை புருஷன் வேறு வாய்க்குள் சிரித்துக்கொண்டு நின்றான்.

“பயமா இருக்குன்னு வீட்டிலேயே சொல்லியிருக்கலாம்ல” என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. “ஊரெல்லாம் கடல், தீவுன்னு பேசிட்டு, கடைசியில பொம்பளைகளை அனுப்பிட்டுக் கரையில உட்கார்றீங்க. உங்களை நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

“அக்கா, விடு. மச்சானுக்கு நெசமாவே முடியல போல” என்று ஷாமிளா கையைப் பிடித்தாள்.

இராமசாமி அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் வைத்தார்.

பயாஸ் படகின் பின்பக்கம் அரைமணி நேரம் எதையோ ஆணி வைத்து அடித்துக்கொண்டிருந்தான். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. புறப்பட்டபோது கரையில் நின்று கையசைத்தவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காற்றுப் பிடித்ததும் பாய் விம்மியது. பிள்ளைகள் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஷாமிளா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

“வேணாம்” என்றாள் பிரேமலதா.

காலையிலிருந்தே அவள் தண்ணீர் குடிக்கவில்லை. சீனி வியாதி. குடித்தால் மணிக்கொரு தரம் ஒதுங்கியாக வேண்டும். போன வருஷம் கதிர்காமத்துக்குப் போனபோது வேனில் அடக்கி அடக்கி, இறங்குவதற்குள் அவமானப்பட்டுப் போனாள். அதை அவரைத் தவிர வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்கள் கொக்குக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது பயாஸ் அவள் பக்கம் வந்து குனிந்தான்.

“அக்கா, பின்னால பலகை அடிச்சு, தாரப்பாய் கட்டி மறைப்பு வச்சிருக்கேன். உள்ளுக்குத் தாழ்ப்பாள் இருக்கு. எப்ப வேணும்னாலும் போங்க. யாரு முன்னாலயும் சொல்ல வேணாம்னு ஐயா சொன்னாரு, அதான் தனியா சொல்றேன்.”

பிரேமலதா பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நாலு பக்கமும் மறைத்த சின்ன அடைப்பு. புதுப் பலகை.

“இதைத்தான் எல்லாப் படகுலயும் கேட்டாரா?”

“ஓம். யாருகிட்டயும் இல்ல. கட்டித் தாறதுக்கும் யாரும் சம்மதிக்கல.”

அவள் எழுந்து நின்று பார்த்தாள். கரை இருந்த திசையில் நீலமாக ஒரு கோடுதான் தெரிந்தது. கையசைத்தவருக்கு ஒரு கையாவது காட்டியிருக்கலாம்.

“இவ்வளவும் யோசிச்ச மனுஷன்” என்றாள் மெல்ல. “கொஞ்சம் பயத்தை விட்டுட்டு வந்திருக்கலாம்.”

பயாஸ் அவளை விசித்திரமாகப் பார்த்தான்.

“பயமா? அவரு பாயை எப்படி ஏத்துறது, இறக்குறதுன்னு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுட்டு நின்னாருங்க. படகுல ஆறு பேருக்குத்தான் இடம், மறைப்பு அடிச்சா ஒரு ஆளு குறையணும்னு நான்தான் சொன்னேன். ‘அப்ப நான் இறங்கிக்கிறேன், அவ தண்ணி குடிக்கட்டும்’னு சொல்லிட்டுப் போனாரு.”