கோளரங்கத்தில் கடைசிக் காட்சி

"இது என்னன்னு போட்டிருக்கு, படி பாப்போம்" என்றான் பள்ளி வேன் ஓட்டுகிறவன், திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு அடியில் நின்றுகொண்டு.

மகள் பலகையை எட்டிப் பார்த்துக் கடகடவென்று வாசித்தாள். எட்டு வயது. திறந்த வாயை மூடத் தெரியாது என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

அவன் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கும்பகர்ணனோடு பந்தயம் கட்டித் தூங்குகிற மனுஷன். இன்றைக்குத் தானாக எழுந்து, குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "கெளம்புங்க. பாக்கவேண்டியதை எல்லாம் ஒரு தடவை பாத்துடுவோம்."

சூரியன் மேற்கே கிளம்பிவிட்டதோ என்று அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அந்தத் தெருவில் எல்லாமே அடுத்தடுத்து இருந்தன. அருங்காட்சியகம், அதற்கு எதிரே ஓவியக்கூடம், தெருமுனையில் கோளரங்கம். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ முறை இந்த வழியாகப் போயிருக்கிறார்கள். ஒன்றுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை.

ஓவியக்கூடத்தில் படங்களின் மேல் மட்டும்தான் விளக்கு. நடக்கிற இடமெல்லாம் மங்கல். தடுப்புக் கயிற்றில் போய் மோதினான். காவலாளி முறைத்தார். நாலடி தள்ளி ஒரு பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டான்.

"பராக்குப் பாத்துக்கிட்டே நடந்தா இப்படித்தான்" என்று அவள் கடிந்துகொண்டாள்.

அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு மகளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் எதிலும் இடிக்கவில்லை.

ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் கேள்வி. இதுல என்ன இருக்கு, சொல்லு. மகளும் சளைக்காமல் சொல்லிக்கொண்டு வந்தாள். குதிரை. குதிரை மேல ஒரு தாத்தா. தாத்தாவுக்கு மூக்கு பெருசு.

அப்பன் என்றால் இப்படியல்லவா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மனைவி நினைத்தாள். பக்கத்தில் நின்ற குடும்பத்துக்கும் அது தெரியவேண்டும் என்பதுபோல் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தாள்.

கோளரங்கத்தில் கடைசிக் காட்சிக்குத்தான் இடம் கிடைத்தது. முடிந்து வெளியே போகும்போது இருட்டியிருக்கும். பரவாயில்லை, வேனில்தானே வந்திருக்கிறோம் என்று அவளே சொன்னாள்.

சாய்வு நாற்காலிகள். அவன் நடுவில். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மகள். மார்பின்மேல் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து சாய்ந்தான்.

விளக்குகள் மெல்ல மெல்ல அடங்கின.

கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சில் "ஆ" என்றது.

அவள் ஆயுளில் அத்தனை நட்சத்திரங்களைப் பார்த்ததில்லை. உப்பு மூட்டை அவிழ்ந்து கூரையெல்லாம் கொட்டிவிட்டதுபோல் இருந்தது. தன்னை மறந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் அவள் காதருகே குனிந்தான்.

"ஏம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

கிண்டல் செய்கிறான் என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

அவன் சிரிக்கவில்லை. மேலிருந்து வந்த மெல்லிய வெளிச்சம் அவன் முகமெல்லாம் விழுந்திருந்தது. கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனைப்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாள்; இமை அசையவில்லை.

பொழுது சாய்வதற்குள் வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறான் என்று சண்டை பிடித்திருக்கிறாள். போன வாரம் வேனின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். கேட்டில் உரசிவிட்டது என்றான். அவளும் விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மணியடிப்பதற்குள் போய்ச் சேர முடியும்.

அவள் பதில் சொல்வதற்குள் மகள் எக்கி, அவன் பக்கம் சாய்ந்தாள்.

"ஆரம்பிச்சுடுச்சுப்பா. நேர் மேல ஒண்ணு, பெருசு. எடது பக்கம் பொடிப்பொடியா நெறைய. வலது பக்கம் காலி."

அதிசயத்தைப் பார்த்த குழந்தையின் குரலாக இல்லை அது. பழகிப்போன வேலையைச் செய்கிற குரல்.

"பாப்பா" என்றாள் தாய். "அப்பாவுக்குத் தெரியலைன்னு உனக்கு எப்படி..."

"காலையில வேன்ல இருட்டா இருக்கும்ல, அப்ப நான்தாம்மா சொல்வேன். நாய் வருது, வளைவு வருது, ஆள் குறுக்க வராங்கன்னு எல்லாம். அதுக்குத்தானே என்னை முன் சீட்ல உக்கார வெக்கிறாரு."

"போதும் கண்ணு" என்றான் அவன்.

மகள் நிறுத்தவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அல்லவா.

"ஒரே ஒருநாள்தாம்மா நான் தூங்கிட்டேன். அன்னிக்குத்தான் உரசிருச்சு. அப்பாவைத் திட்டாதே. தப்பு என்னோடதுதான்."

யாரோ பின்னாலிருந்து "உஸ்" என்றார்கள்.

மேலே வானம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. தாய் அதைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, இருட்டில் அவன் சட்டைப் பையைத் துழாவினாள், வேன் சாவிக்காக.

மார்பின்மேல் கட்டியிருந்த கையைத் தளர்த்தி, அவள் எடுத்துக்கொள்ள வழிவிட்டான் அவன்.