தொட்டித் தண்ணி

அமெரிக்கா மதுவிலக்கை நீக்கி எத்தனையோ வருஷமாகியும் சில ஊர்கள் அதை இன்னும் விடவில்லை. எனக்கு வேலை கிடைத்தது அப்படியோர் ஊரில். "இங்க தண்ணியே கிடைக்காதுடா" என்று நண்பனிடம் போனில் புலம்பியது, சிவகங்கையிலிருந்து வந்திருந்த மாமியார் காதில் விழுந்துவிட்டது. தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர். குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, விளிம்புவரை நிரப்பி, என் வேட்டியால் மூடிவிட்டார். எந்தத் தண்ணி என்று விளக்க எனக்குத் தைரியமில்லை.

எங்களைப் பார்க்க வந்து, பாத்ரூம் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டுக் கிழவி டோரதியின் கண்கள் மின்னின. "தடைக் காலத்துல எங்க தாத்தாவும் திருட்டுத்தனமா தொட்டியிலதான் ஜின் தயாரிச்சார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று என்னிடம் கிசுகிசுத்து, ஒரு கிளாஸை எடுத்து மாமியாரிடம் நீட்டினார். மாமியார் பெருமையாக மொண்டு கொடுத்தார்.

ஒரே மடக்கில் குடித்த டோரதி சற்று யோசித்துவிட்டு, மாமியாரின் தோளைத் தட்டினார். "முதல் தடவை எல்லாருக்கும் சப்புன்னுதான் வரும்."

"என்ன சொல்றாங்க மாப்ளே?"

"இன்னும் கொஞ்சம் வேணுமாம், அத்தை."

"பாவம், எத்தனை நாள் தாகமோ. நீங்களும் குடிங்க, இல்லை இல்லைன்னு புலம்புனீங்களே."

டோரதியின் கிளாஸோடு என் கிளாஸை இடித்து, மாமியார் ஊற்றிக் கொடுக்க, அவர் எதிரிலேயே தண்ணி அடித்தேன்.