எண்பதைத் தாண்டி

"எண்பது வந்துடுச்சு சார். கழட்டலாமே?"

ஸ்ரீவாணி மூன்றாவது தடவையாகக் கேட்டாள். காரில் சாய்ந்து நின்றிருந்த பெரியவர் சார்ஜர் திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"நூறு ஆவட்டும்மா" என்றார்.

கவரைப்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையோரம் ஒரு தொழிற்சாலை வைத்திருந்த இலவச சார்ஜிங் நிலையம் அது. மின்சாரக் கார் வாங்கிய நாளிலிருந்து ஸ்ரீவாணிக்கு அதன்மேல் தனிப் பிரியம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை முடிந்து வரும் வழியில் இங்கே சொருகிவிட்டு ஒரு டீ குடித்தால் போதும், திருவள்ளூர் வரை கவலையில்லை. "பைசா செலவில்லாம ஓட்டறேன்" என்று சொல்லிச் சொல்லியே ஆபீஸில் இரண்டு பேரை மின்சாரக் கார் வாங்க வைத்துவிட்டாள்.

புயல் வந்ததும் எல்லாம் மாறிப்போனது. சுற்றுப்பட்டு ஊர்களில் கம்பங்கள் சாய்ந்து கரண்ட் இல்லை. தொழிற்பேட்டை லைனில் இருந்ததால் இந்த நிலையம் மட்டும் தப்பியது. அதிலும் இருந்த இரண்டு சார்ஜரில் ஒன்று வேலை செய்யவில்லை. 'எண்பது சதவீதம் ஆனதும் அடுத்தவருக்கு வழிவிடவும்' என்று கொட்டை எழுத்தில் போர்டு வேறு.

அவள் காரில் பதினொரு சதவீதம்தான் இருந்தது.

"போர்டைப் படிச்சீங்களா?"

"படிச்சேம்மா."

"அப்புறம்?"

"எனக்குத் தேவை இருக்குது."

"எங்களுக்கெல்லாம் இல்லையா? எண்பதுக்கு மேல எவ்வளவு மெதுவா ஏறும்னு உங்களுக்கே தெரியும்."

அவர் கையிலிருந்த போன் அடித்தது. எடுத்து, "வந்துடறேன், வந்துடறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

பின்னால் டாக்ஸியோடு நின்றிருந்த லோகு இறங்கி ஸ்ரீவாணியிடம் வந்தான்.

"அவராண்ட பேசி பிரயோஜனமில்ல மேடம். பேரு சடையப்பன். அதோ அந்த ஏரிக்கு அந்தாண்டதான் ஊடு. நேத்தும் இப்டித்தான், நூறு ஏத்திக்கினுதான் போனாரு."

"பக்கத்துல வீடுன்னா அதுக்குள்ள எப்படிக் காலியாச்சு?"

லோகு குரலைத் தாழ்த்தினான். "அந்த மாதிரி வண்டியில பிளக் சொருகி கரண்ட்ட வெளிய எடுக்கலாம் மேடம். ஊரே இருட்டுல கெடக்குது. இங்க ஓசியில ஏத்திக்கினு போயி, அங்க டப்பு பாக்கறாரு போல."

ஸ்ரீவாணிக்குச் சுருக்கென்றது. இலவசமாக வாங்கி இல்லாதவனிடம் விற்பதா? இப்படி நாலு பேர் கிளம்பினால் நாளைக்கே இதை இழுத்து மூடிவிட மாட்டார்களா?

"வீடியோ எடுத்துப் போட்டா என்ன?" என்றாள்.

"போடுங்க மேடம். நீங்க போய்ட்டு வாங்க, அதுக்குள்ள நான் ஏத்திக்கிறேன்" என்றான் லோகு, வெகு உற்சாகமாக.

நூறு ஆனதும் சடையப்பன் கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டுப் பறந்தார். ஸ்ரீவாணியும் பின்னாலேயே கிளம்பினாள். ஏரிக்கரை மண் ரோட்டில் குழிக்குக் குழி கார் குதித்தது. பதினொன்று பத்தாகி ஒன்பதானது. அவளுக்குப் பயமில்லை, கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற பரபரப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு சாயங்காலம் அவளுக்கு வாய்த்ததே இல்லை.

இருட்டுகிற நேரம். தெருவில் ஒரு விளக்கு இல்லை. சடையப்பன் ஒரு வீட்டின் வேலியோரம் காரை நிறுத்தி, தயாராகக் கிடந்த ஒயரை எடுத்து அவசரமாகச் சொருகினார். வேலிக்கு அந்தப் பக்கம், அந்த ஒரே வீட்டில் விளக்கு எரிந்தது.

அவர் உள்ளே போகவில்லை. காரின் மறைவில், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆளைப் பார், ஒளிந்துகொள்கிறார். ஸ்ரீவாணி போனில் வீடியோவைத் தட்டிவிட்டு, நேராக அந்த வீட்டு வாசலுக்குப் போனாள். ஓர் அம்மாள் வெளியே வந்தாள்.

"இந்தக் கரண்டுக்கு அவருக்கு எவ்வளவு குடுக்கறீங்க?"

"யாரும்மா நீ?" என்றாள் அம்மாள். திறந்த கதவு வழியே கட்டில் தெரிந்தது. அதில் மூக்கில் குழாயோடு ஒருவர் படுத்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது.

ஸ்ரீவாணியின் கை தானாகத் தாழ்ந்தது. வீடியோவை நிறுத்தினாள்.

"என் ஊட்டுக்காரரு, முனுசாமி" என்றாள் அம்மாள். "மெஷின் இல்லாட்டி மூச்சு வுட முடியாது. வண்டி சார்ஜுக்குப் போற நேரத்துக்கு மட்டும் சிலிண்டரு. இன்னிக்கி அதுவும் தீர்ற மாதிரி ஆயிடுச்சு, போனு மேல போனு போட்டேன். நூறு ஏத்துனாதான் மறுநா சாயங்காலம் வரைக்கும் தாங்குதாம்."

ஸ்ரீவாணி போனைப் பைக்குள் போட்டாள். "நான் அவரை ரொம்பப் பேசிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றவள், கார் நின்ற பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு அண்ணன் முறையா அவர்?"

அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஜானகி, பஞ்சாயத்து வண்டி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு, நீ பேசாம படு" என்று உள்ளே குரல் கொடுத்த ஜானகியம்மாள், ஸ்ரீவாணியின் கையைப் பிடித்து வேலியோரம் இழுத்து வந்தாள்.

"மெதுவா பேசும்மா. சடையப்பன் வண்டின்னு தெரிஞ்சா இவரே மூக்குல கீற குழாயப் புடுங்கிப் போட்டுடுவாரு. வரப்புத் தகராறுல அவரு மேல பொன்னேரி கோர்ட்டுல கேஸ் போட்டதே இவருதான்."